ஷ்ரோடிங்கர் நூலில் விடுபட்டவை

எர்வின் ஷ்ரோடிங்கர் 1944-இல் வெளியிட்ட 'உயிர் என்பது என்ன?' என்னும் சிறு நூல், இயற்பியலார் பலரை உயிரியலின்பால் ஈர்த்தது. இன்றும் சுவையாகப் படிக்கலாம். ஆயினும் அதன் மையக் கருத்தொன்று நிற்கவில்லை. தலைமுறைதோறும் ஜீன்கள் மாறாதிருக்கக் காரணம், மூலக்கூறுப் பிணைப்புகளின் உறுதியே என்கிறார் அவர்.

டி.என்.ஏ. அத்தனை உறுதியான பொருளன்று. உடல் வெப்பத்தில், நீரில் இருப்பதாலேயே அது சிதைகிறது. மனித செல் ஒன்றில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான காரங்கள் கழன்று போகின்றன! 1970-களில் தாமஸ் லிண்டாலின் ஆய்வுகள் இதைக் காட்டின.

அப்படியானால் ஜீன்களைக் காப்பது எது? புரதங்களே. ஈ. கோலை பாக்டீரியாவில் பழுதுபார்க்கும் ஜீன்கள் பலவற்றை லெக்ஸ்-ஏ என்னும் புரதம் பூட்டி வைத்திருக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டு டி.என்.ஏ. சேதமுற்றால், வெளிப்படும் ஒற்றை இழைமீது ரெக்-ஏ புரதம் வரிசையாகப் படிகிறது. லெக்ஸ்-ஏ தன்னைத்தானே வெட்டிக்கொள்ளுமாறு தூண்டுகிறது. பூட்டு திறந்துவிடுகிறது. அறுந்த இழைக்கு ஒத்த இழையைத் தேடிச் சேர்க்கும் மறுசேர்க்கைப் பணியும் இதே ரெக்-ஏயினுடையதுதான். பழுது தீர்ந்ததும் லெக்ஸ்-ஏ மீண்டும் பெருகிப் பூட்டிவிடும்.

1944-இல் இவற்றை அவர் அறிந்திருக்க வழியில்லை. ஆனால் இன்று படிக்கும் மாணவர் அறிய வேண்டும். நம் செல்களில் ராட்-51 என்னும் புரதம் ரெக்-ஏயின் வேலையைச் செய்கிறது. அதை இழைமீது ஏற்றுவது பி.ஆர்.சி.ஏ.-2 புரதம். பி.ஆர்.சி.ஏ.-2 ஜீனைப் பழுதுற்ற நிலையில் பெற்றோரிடமிருந்து பெற்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பன்மடங்காகிறது.