பித்தளைப் புனல்

ஏலப் பட்டியலில், 'புராதன எச்.எம்.வி. கிராமபோன்' என்ற வர்ணனையோடு, கண்ணைப் பறிக்கும் பித்தளைப் புனலும் எட்டுப்பட்டைப் பெட்டியுமாக வீற்றிருக்கும் யந்திரத்தைக் கண்டால், நான் முதலில் நோக்குவது புனலையன்று, அதைத் தாங்கும் வளைவுக் குழாயைத்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து நல்ல யந்திரங்களில், ஊசியின் அதிர்வு புனலைச் சேரும்வரை படிப்படியாக விரிந்து செல்லும் அந்தப் பாதை, ஒலியின் சாஸ்திரமறிந்த கைகளின் வேலை. போலியிலோ, பிற்காலத்துக் கைப்பெட்டி கிராமபோனிலிருந்து கழற்றிய மோட்டாரையும் சவுண்ட் பாக்ஸையும் புதுப் பெட்டியில் பொருத்தி, முரட்டுக் குழாயொன்றை முழங்கைபோல் மடித்து ஒட்டியிருப்பார்கள்.

இதே பட்டியல்களில் எடிசனின் உருளை யந்திரத்தையும் 'கிராமபோன்' என்றே எழுதிவிடுகிறார்கள். 1887-இல் பெர்லினர் அப்பெயரிட்ட கருவியில் ஊசி பக்கவாட்டில் அசைய, எடிசனின் உருளையில் மேலும் கீழுமாக அசைகிறது என்ற அழகிய பேதம் அவ்வொரு சொல்லில் மறைந்துபோவது எனக்கு மெய்யான வருத்தம். நிக்கல் பூச்சு தேய்ந்து, திருகாணி தன் குழியிலேயே கறுத்துக் கிடக்கும் எளிய பெட்டியைக் கண்டாலோ, விலையைக் கேட்குமுன் கை தானே சாவியை நாடுகிறது.