ஒரு கழுத்தும் 28 மில்லியன் டாலரும்

பெய்டன் மேனிங்கை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி விடுவித்தது சரியா தவறா என்று கேட்டால், அமெரிக்கக் கால்பந்து பார்ப்பவர்களில் பலர் உடனே கோப்பைகளை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். 2012 மார்ச் 7 அன்று வெளியேறியவர் டென்வர் பிராங்கோஸ் அணிக்குப் போய், நான்கு பருவங்களில் இரண்டு சூப்பர் பவுல் இறுதியாட்டங்களில் ஆடி, ஒன்றில் வென்றார். அவருடைய இடத்தில் வந்த ஆண்ட்ரூ லக் ஒரு சூப்பர் பவுலிலும் ஆடாமல் 29 வயதில் ஓய்வை அறிவித்தார். ஆகவே கோல்ட்ஸ் செய்தது பிழை. அத்துடன் பேச்சு முடிந்தது.

அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. முடிவெடுத்தவருக்கு அன்று என்ன தெரிந்திருந்தது என்று பார்க்காமல், பின்னால் நடந்ததை வைத்து அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது திறனாய்வு ஆகாது.

முதலில், இழந்தது எவ்வளவு பெரியது என்பதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக். அந்த இடத்துக்கு, அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1998ல் முதல் ஆளாக மேனிங்கைக் கோல்ட்ஸ் எடுத்தது. அதன்பின் 13 பருவங்கள், 208 லீக் ஆட்டங்கள். ஒன்றிலும் அவர் தொடக்க வரிசையில் இல்லாமல் போனதில்லை. நான்கு முறை லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2007 பிப்ரவரியில், மயாமியில் கொட்டும் மழையில், சிகாகோ பேர்ஸை 29–17 என வீழ்த்தி வாங்கிய கோப்பை. கூடைப்பந்துக்குப் பெயர்போன ஒரு மாநிலத்தின் தலைநகரைக் கால்பந்து ஊராக மாற்றியவர் அவர். 2008ல் திறந்த லூகாஸ் ஆயில் அரங்கை அவர் கட்டியதாகவே அந்த ஊரில் பேசுவார்கள். சற்று மிகைதான், ஆனாலும் அடியோடு பொய்யென்று தள்ளிவிட முடியாது.

பிறகு கழுத்து. 2011 மே மாதம் ஓர் அறுவை சிகிச்சை, செப்டம்பரில் எலும்புகளை இணைக்கும் இன்னொன்று. நரம்பு பாதிக்கப்பட்டதில், எறியும் வலக்கையே வலுவிழந்தது. அந்தப் பருவம் முழுக்க அவர் களமிறங்கவில்லை.

இங்கேதான் ஒப்பந்தத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையே மாதக்கணக்கில் நீடித்த கதவடைப்பு 2011 ஜூலை 25ல் முடிந்தது. அது நடந்துகொண்டிருந்தவரை ஆட்டக்காரர்கள் அணியின் மருத்துவக் குழுவோடு தொடர்பு வைத்துக்கொள்ள முடியாது. முடிந்த ஐந்தாம் நாள் மேனிங் ஐந்தாண்டு, 90 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். கழுத்தைச் சரியாகப் பார்க்காமலே 90 மில்லியனா என்று உரிமையாளர் ஜிம் அர்சேயைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அது உள்ளபடியே ஓராண்டு ஒப்பந்தம். நடுவில் ஒரு கதவு இருந்தது. முதல் ஆண்டுக்கு 26 மில்லியனுக்குச் சற்று மேல். மேற்கொண்டு வைத்துக்கொள்ள வேண்டுமானால் 2012 மார்ச் 8க்குள் 28 மில்லியன் ஊக்கத்தொகை கொடுத்தாக வேண்டும். கொடுக்க மனமில்லையென்றால் அவரைப் போக விட்டுவிடலாம். அந்த ஒரு பிரிவைப் பொறுத்தவரை அர்சே விவரமானவர் என்றே சொல்வேன்.

கதவு மார்ச் 8ல் மூடியது. வேறு அணிக்கு ஆளை விற்கும் புதிய லீக் ஆண்டோ மார்ச் 13ல்தான் தொடங்கியது. ஆகவே மேனிங்கை விற்று எதையாவது ஈட்டும் வழியே இல்லை. இது பெரிய நஷ்டம் என்கிறார்கள். எறிய முடியுமா என்று நிச்சயமில்லாத ஒரு கையோடு 28 மில்லியன் கடனையும் சேர்த்து வாங்க எத்தனை அணிகள் வரிசையில் நின்றிருக்கும்?

வலுவான எதிர்வாதம் வேறு. மேனிங் இல்லாத 2011ல் கோல்ட்ஸ் முதல் 13 ஆட்டங்களிலும் தோற்று, கடைசியில் 2–14 என்று முடித்தது. அந்த அவமானத்தின் பரிசு, 2012 டிராஃப்டின் முதல் தேர்வு; அதில்தான் லக்கை எடுத்தது. மேனிங்கை விடுவித்த இரண்டொரு நாளிலேயே வாஷிங்டன் அணி, குவாட்டர்பேக் ராபர்ட் கிரிஃபினை எடுப்பதற்காக, இரண்டாவது தேர்வுக்கு மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வும் தர ஒப்புக்கொண்டது. இரண்டாவதற்கே இந்த விலையென்றால் முதலாவதற்கு? அதை விற்று, மேனிங்கை வைத்துக்கொண்டு, அவரைச் சுற்றி ஒரு படையைக் கட்டியிருக்கலாமே! கோல்ட்ஸுக்கு எதிராக நான் கேட்டவற்றில் இதற்கு மட்டும்தான் உட்கார்ந்து பதில் தேட வேண்டியிருந்தது.

பதில் டென்வரின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மார்ச் 20ல் பிராங்கோஸ் அவருக்கு ஐந்தாண்டுக்கு 96 மில்லியன் என்று எழுதிக் கொடுத்தது. செய்திகளில் அந்த எண்தான் பளிச்சிட்டது. உறுதியாகக் கிடைப்பது 2012க்கான 18 மில்லியன் மட்டும். அடுத்த ஆண்டுகளின் பணம் உறுதியாக வேண்டுமானால், 2013ல் கழுத்துப் பரிசோதனையில் அவர் தேற வேண்டும். அவரை எப்படியாவது பிடித்துவிடத் துடித்த அணியே இப்படி எழுதியது என்றால், அந்த மார்ச் மாதத்தில் அந்தக் கழுத்தின் சந்தை மதிப்பு அதுதான். பரிசோதனை எதுவுமின்றி 28 மில்லியனை மேசையில் வைக்கும்படி கோல்ட்ஸிடம் கேட்பது, டென்வரே ஏற்காத ஆபத்தை ஏற்கச் சொல்வதாகும்.

அதோடு, மேனிங் நுழைந்த வீடும் வேறு. டென்வர் முந்தைய பருவத்தில், டிம் டீபோ என்ற எறியத் தடுமாறும் குவாட்டர்பேக்கை வைத்துக்கொண்டே, பிட்ஸ்பர்க்கை நாக் அவுட்டில் தோற்கடித்த அணி. வான் மில்லர் போன்ற தடுப்பாளர் அங்கே இருந்தார். கோல்ட்ஸின் 2–14, மேனிங்கின் மதிப்புக்குச் சான்று என்று காட்டப்படுகிறது. உண்மைதான், ஆனால் அதே எண், அவரை எடுத்துவிட்டால் கீழே ஒன்றுமில்லை என்பதையும் சொல்கிறது. 36 வயதைத் தொடவிருந்தவரிடம் அந்த வெற்றிடத்தைத் திரும்பவும் ஒப்படைப்பதா? 2013ல் அவர் 55 டச்டவுன் எறிதல்கள், 5,477 கெஜம் என்று லீக் சாதனைகள் படைத்தது டென்வரின் ஆட்டக்காரர்களோடு. 2016 பிப்ரவரியில் கரோலைனாவை 24–10 என வென்று கோப்பை வாங்கியபோது அவர் எறிந்தது 141 கெஜம்தான். ஆட்ட நாயகன் வான் மில்லர். அந்தப் பருவத்தில் மேனிங்கின் கணக்கு 9 டச்டவுன், எதிரணி பறித்த எறிதல்கள் 17. அந்தக் கோப்பையைக் காட்டி ‘பார்த்தீர்களா, கோல்ட்ஸ் கோட்டைவிட்டது’ என்பவர்கள் அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தார்களா என்று சில சமயம் சந்தேகம் வருகிறது.

இருவரையுமே வைத்துக்கொண்டிருக்கலாம் என்ற யோசனையும் உண்டு. கிரீன் பேயில் ஆரன் ராட்ஜர்ஸ் மூன்று பருவங்கள் பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் காத்திருந்தது உதாரணம். ஆனால் ராட்ஜர்ஸ் 24வது தேர்வு. லக் முதல் தேர்வு. கணக்கும் ஒத்துவராது. ஐ.பி.எல். ஏலத்தில் போல என்.எஃப்.எல். அணிகளுக்கும் ஊதிய உச்சவரம்பு உண்டு. 2012ல் அது 120.6 மில்லியன். ஊக்கத்தொகையைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கில் காட்டலாம். இடையில் ஆளை நீக்கினால் மிச்சமெல்லாம் ஒன்றாக வந்து தலையில் விழும்.

லக்கின் விலைதான் இந்தக் கணக்கையே மாற்றியது. 2010ல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறாண்டுக்கு 78 மில்லியன் ஒப்பந்தம். கதவடைப்பை முடித்த 2011ன் புதிய உடன்பாடு புதியவர்களின் ஊதியத்துக்குக் கடிவாளம் போட்டது. லக்குக்கு நான்காண்டுக்கும் சேர்த்துச் சுமார் 22 மில்லியன். மேனிங்குக்கு ஒரே நாளில் கொடுக்க வேண்டியிருந்ததைவிடக் குறைவு. ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த அந்தப் பையன் தேறினால், வரம்புக்குள் மிஞ்சும் பணத்தில் நான்கு ஆண்டுகள் நல்ல ஆட்களை வாங்கலாம். அன்றைய நிலையில் இதைவிட நல்ல சூதாட்டம் லீகில் இல்லை.

எனவே விடுவித்தது சரி. அரைமனதோடு அல்ல, முழுமனதோடே சொல்கிறேன். முதல் மூன்று பருவங்கள் அதை மெய்ப்பிக்கவும் செய்தன: மூன்றிலும் 11–5. 2015 ஜனவரியில் டென்வருக்கே போய் மேனிங்கை 24–13 என வீட்டுக்கு அனுப்பியது லக்கின் அணி. ஆனால் பின்னால் நடந்ததை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது என்றவன் இதையும் சான்றாக எடுக்கக்கூடாது. 2012ன் 11–5 அணி எடுத்த புள்ளிகள் 357, கொடுத்தவை 387. நூலிழை வெற்றிகள் நிறைய.

குற்றம் எங்கே என்றால், முடிவுக்கு இரு பக்கத்திலும். முன்பக்கத்தில், மே மாதமே கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தவருக்கு மாற்று ஆள் தேடாமல், ஆகஸ்ட் கடைசியில் ஓய்வில் இருந்த 38 வயது கெரி காலின்ஸைக் கூப்பிட்டார்கள். பல ஆண்டுகளாக அணியை நடத்திய பில் போலியனுக்கு இதற்காக வேலை போனது, அது நியாயமே.

பின்பக்கத்துக் குற்றம் பெரிது. மேனிங்கைத் தியாகம் செய்து வாங்கியது அந்த நான்கு மலிவான ஆண்டுகளை. புதிய பொது மேலாளர் ரயன் கிரிக்சன் அவற்றை என்ன செய்தார்? 2013ன் முதல் சுற்றில் பியோர்ன் வெர்னர் என்ற தடுப்பாளர், நிலைக்கவில்லை. 2014ன் முதல் சுற்றுத் தேர்வைக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்து, ஓட்டத்துக்கு மூன்று கெஜத்தை ஒட்டியே ஓடிய டிரென்ட் ரிச்சர்ட்சனை வாங்கினார். 2015ல் பந்து பிடிப்பவர் ஒருவர். குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக்கு முதல் சுற்றில் அவர் ஆள் எடுத்தது 2016ல்தான். அதற்குள் லக்கின் தோள் போயிருந்தது, சிறுநீரகம் கிழிந்திருந்தது. 2016லும் 41 முறை அவரைத் தரையில் வீழ்த்தினார்கள். 2017 முழுக்க அவர் ஆடவில்லை. குவென்டன் நெல்சன் முன்வரிசைக்கு வந்த 2018ல் அந்த எண் 18 ஆகச் சுருங்கியது. அடுத்த ஆகஸ்டில் லக் ஓய்வை அறிவித்தார். செய்தி பரவிய இரவில் சொந்த அரங்கிலேயே ரசிகர்கள் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். கூச்சல் எழுந்தது நியாயந்தான். போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு.

மேனிங்கோடு ஒப்பந்தம் போட்டு அவரை வெளியே அனுப்ப அர்சேக்கு ஏழு மாதம் போதுமாயிருந்தது. கிரிக்சனை வெளியே அனுப்ப ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்.