பீரங்கிக் குண்டும் காணியாட்சியும்: தென்னார்க்காட்டுக் கெசட்டியர் குறித்து ஒரு திறனாய்வு

தென்னார்க்காட்டுச் சபைகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் முதலிற் கையிலெடுக்கும் நூல், 1906இல் வெளியான மாவட்டக் கெசட்டியராகும். தொகுத்தவர் டபிள்யூ. பிரான்சிஸ் என்னும் ஆங்கில அதிகாரி. 1878இல் கார்ஸ்டின் எழுதிய மாவட்டக் கையேட்டுக்குப் பின் வந்த இந்நூல் உழைப்பும் தெளிவும் உடையது என்பதில் ஐயமில்லை. ஏரி, மண்வகை, வரி, கோயில், கோட்டை அனைத்தும் இதில் உண்டு. நம் நூற்றாண்டு விழா மலர்கள் சில இத்தகைய நூல்களின் பத்திகளைத் தமிழாக்கி, மூலத்தைச் சொல்லாமலே அச்சேற்றிவிடுகின்றன. ஆகவே இது எவருடைய கண்களால் இந்நாட்டைக் காண்கின்றது என்று கேட்பது இறையியல் மாணவர்க்கு வீண் வேலையன்று.

பீரங்கிக் கதையை எடுத்துக்கொள்வோம். எலிகு யேல் சென்னைக் கோட்டையின் தலைவராயிருந்த 1690ஆம் ஆண்டில், செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் இராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கம்பெனியார் விலைக்கு வாங்கினர். அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். கோட்டையோடு, அங்கிருந்து சுடும் பெரும்பீரங்கியின் குண்டு சென்று விழும் தொலைவுக்குட்பட்ட நிலமும் ஊர்களும் கம்பெனியைச் சேரும் என்பது உடன்பாடு. சென்னையிலிருந்து பீரங்கி ஒன்று அனுப்பப்பட்டது. குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது சுடுபவனின் கைத்திறனைப் பொறுத்தது என்று மேலிடம் நினைவூட்டவும் தவறவில்லை! கடலூரும் அவ்வெல்லைக்குள் அடங்கியது. அவ்வூர்கள் குண்டு கிராமங்கள் என்று பெயர்பெற்றன.

கெசட்டியர் இதனைச் சுவையான பழங்கதைபோலச் சொல்லிக் கடந்து போகிறது. நாம் அவ்வாறு கடக்க இயலாது. அன்று இராஜாராம் மொகலாயப் படையால் நெருக்கப்பட்டுப் பணத்துக்குத் தவித்த மன்னர். விற்றவருக்கும் பெயருண்டு, வாங்கினவருக்கும் பெயருண்டு. குண்டு விழுந்த வயலில் நின்றவனுக்கு மட்டும் ஏட்டில் பெயரில்லை. அந்த வயல்களுக்கு உரிமையற்ற காலம் என்று ஒன்று இருந்ததில்லை. தமிழகத்து ஊர்களில் அவ்வுரிமைக்குக் காணியாட்சி என்று பெயர். நம் திருமறையின் பழைய மொழிபெயர்ப்பு, யூபிலி ஆண்டில் அவனவன் தன் காணியாட்சிக்குத் திரும்பவேண்டும் என்னும் லேவியராகமக் கட்டளையில் இதே சொல்லைத்தான் ஆள்கின்றது. நம் ஊர் நிலவழக்கிலிருந்து எடுத்த சொல்லைத் திருமறையில் வைத்துவிட்டு, அந்த ஊர்களிலேயே அதற்கு என்ன நேர்ந்தது என்று கேளாதிருப்பது விந்தையே.

இதனால் அந்நியர் வருமுன் இங்கு நீதி அரசாண்டது என்று சொல்ல வரவில்லை. காணியாட்சி உடையோர் சிலர். அவர்களுடைய வயல்களில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு உழைத்த பண்ணையாட்கள் பலர். அடிமைத்தனத்துக்கிருந்த சட்ட ஆதரவைக் கம்பெனி அரசு நீக்கியது 1843இல்தான். அதுகாறும் வரி தவறாமல் வரவேண்டும் என்னும் கவலையே மேலோங்கியிருந்தது. அந்நியரைக் குறைகூறும் நம்மவர் நூல்கள் சில இவ்விடத்தில் மௌனம் சாதிப்பது கெசட்டியரின் மௌனத்தைவிட மேலானதன்று.

ஆங்கிலேயர் இங்கு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் செய்ததுபோல் குடியேறி, மண்ணின் மக்களை அகற்றிவிட்டுத் தாமே உழவில்லை, ஆதலால் அந்த அளவுகோல் நமக்குப் பொருந்தாது என்பர். ஓரளவு உண்மையே. எனினும் இரு கதைகளும் ஒரே மனிதரிடத்தில் சந்திக்கின்றன. சென்னையில் செல்வம் சேர்த்த யேல் பின்னாளில் அனுப்பிய துணிப்பொதிகளையும் நூல்களையும் பெற்றுக்கொண்டு, 1718இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்துக் கல்லூரி ஒன்று அவர் பெயரைச் சூடியது. அந்நகரம் குவினிபியாக் என்னும் பழங்குடியினரின் நிலம். 1638இல் பியூரிட்டன் குடியேறிகள் ஓர் உடன்படிக்கை எழுதிப் பெரும்பகுதியைத் தமதாக்கி, அம்மக்களைச் சிறு நிலத்துண்டில் ஒதுக்கினர். தங்களைக் கானானுக்குள் புகும் இஸ்ரவேலராகக் கருதியவர்கள் அக்குடியேறிகள். 1989இல் ஓசேஜ் பழங்குடியைச் சேர்ந்த ராபர்ட் ஆலன் வாரியர், யாத்திராகமக் கதையைக் கானானியரின் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டியபோது இறையியலார் பலர் திடுக்கிட்டனர். தேவனாம்பட்டினத்துக் குண்டையும் அப்பக்கத்தில் நின்றே பார்க்கவேண்டும்.

கெடில நதியின் கழிமுகத்திலிருந்து மேலே சென்றால் திருவதிகை. திரிபுரம் எரித்த அட்டவீரட்டத் தலம். திலகவதியாரின் தம்பி சமணம் விட்டுச் சைவத்துக்குத் திரும்பிய இடம். ஆங்கிலேயர் ஏடுகளிலோ இது ‘ட்ரிவாடி’. 1750 முதல் 1753 வரை பிரெஞ்சுப் படையும், ஆங்கிலேயர் துணைபெற்ற முகம்மது அலியின் தரப்பும் மாறிமாறிப் பிடித்த அரண் அது. சிதம்பரமும் அவ்வாறே. 1781 ஜூன் மாதத்தில் ஹைதர் அலியின் வீரர்கள் காத்துநின்ற அக்கோயிலைத் தாக்கி, அயர் கூட் பின்வாங்கினார். மதிலைக் கண்ட எல்லாப் படைகளும் கோயிலைக் கோட்டையாக்கின. இதில் ஒரு தரப்பை மட்டும் பழிப்பது முறையன்று. ஆனால் வழிபட வந்த மக்கள் அவ்வாண்டுகளில் எங்கே போயினர்? படைநகர்வை நாள்வாரியாகக் குறித்த ஏடுகளில் இதற்கு விடை தேடுவது வீண்.

மக்களை விவரிக்கும் இடங்களில்தான் நூல் மிகவும் தடுமாறுகின்றது. செஞ்சி மலைப்பக்கத்து இருளரைப் பற்றிச் சொல்லுமிடத்தில், அவர்களுடைய நிறத்தையும் சிதைந்த தமிழையும் ஆசிரியர் முதலிற் காண்கிறார். நம் தமிழின் திருத்தத்தை அளக்கும் பொறுப்பை அவருக்கு யார் அளித்தார்களோ! 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் காட்டைக் காப்புக்காடாக்கித் தேனுக்கும் கிழங்குக்கும் விறகுக்கும் அனுமதி கேட்கவைத்ததையும், இருளரின் வறுமையையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. காடு ஓர் அதிகாரத்தில், மக்கள் வேறோர் அதிகாரத்தில்.

இதிலும் கொடியது, குற்றம் என்னும் தலைப்பின்கீழ்ச் சாதிப் பெயர்களை அடுக்கும் வழக்கம். அக்காலத்து மாவட்ட நூல்கள் அனைத்துக்கும் இது பொது. 1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தபோது அத்தகைய பட்டியல்கள் உயிர்பெற்றன. இம்மாவட்டத்தில் வேப்பூர்ப் பறையர் என்ற பெயரில் ஒரு மக்கள் கூட்டம் பதிவேட்டில் ஏற்றப்பட்டது. அஜீஸ் நகரில் செட்டில்மென்ட் அமைந்தது. செட்டில்மென்ட் என்ற சொல்லின் போக்கைக் கவனியுங்கள். முதலில் அது வணிகரின் குடியிருப்பு, பின்பு நிலவரித் திட்டம், இறுதியில் வேலியிட்ட முகாம்.

அம்முகாம்களோடு நமக்குத் தொடர்பில்லை என்று சொல்லவியலாது. காவலியில் அமெரிக்க பாப்திஸ்து மிஷனும், ஸ்டூவர்ட்புரத்தில் இரட்சணிய சேனையும் அவற்றை நடத்தின. அன்போடு நடத்தினர் என்பதற்குச் சான்றுண்டு. பதிவேட்டில் கைநாட்டு வைத்தவர் வெளியேற அனுமதிச்சீட்டு வேண்டும் என்பதற்கும் சான்றுண்டு. கடலூரிலேயே அதற்கு முந்தைய பாடம் ஒன்று கிடைக்கின்றது. 1740இல் இங்கு வந்த கீர்னாந்தர் ஐயருக்கு, பிரெஞ்சுக்காரருடன் நடந்த முதற்போர் ஓய்ந்தபின், கத்தோலிக்கரிடமிருந்து எடுத்த ஆலயத்தை ஆங்கிலேயர் கொடுத்தனர். 1758இல் லாலியின் படை கடலூரைப் பிடித்தபோது அவர் யாவையும் இழந்து கல்கத்தாவுக்குப் போனார். கோட்டையின் கையால் வந்த ஆலயம் கோட்டையோடு ஆடியது.

குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது. எனினும் 1993இல், அதே தென்னார்க்காட்டில், பழங்குடியினர் ஒருவர் திருட்டுச் சந்தேகத்தின்பேரில் காவல் நிலையத்தில் இறந்ததும், அவ்வழக்கு நெடுங்காலம் உயர்நீதிமன்றத்தில் நடந்ததும் பலரறிந்தவை. கிள்ளை, பிச்சாவரம் பக்கங்களில் கழிநீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் இன்றும் வாழ்கின்றனர். சபை வரலாறு எழுதும் மாணவர், செஞ்சி இருளரைப் பற்றிய அந்தப் பழைய பத்தியைப் பெயர்த்தெழுதுமுன், சிதம்பரத்திலிருந்து பேருந்தேறி அவர்களிடம் போகட்டும். தங்கள் பாட்டன்மார் எக்காட்டில் எதை எடுத்து வாழ்ந்தனர், எந்த ஆண்டில் யார் வந்து தடுத்தனர் என்று அவர்கள் சொல்வதை அவர்களுடைய தமிழிலேயே எழுதிக்கொண்டு வரட்டும்.