ஷெரிஃபுக்கு எப்படித் தெரியும்?

கௌபாய் படங்களை மட்டமான சரக்கு என்று ஒதுக்கித் தள்ளுகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்ல. குதிரையையும் புழுதியையும் தொப்பியையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்தப் படங்களில் ஒரு நல்ல கேள்வி மிஞ்சுகிறது. ஊருக்குள் ஒருவன் இடுப்பில் துப்பாக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு எல்லார் கண்ணிலும் படும்படி நடந்து வருகிறான். இன்னும் யாரையும் சுடவில்லை, யாரையும் மிரட்டவுமில்லை. ஊர்க் காவலுக்குப் பொறுப்பான அதிகாரி அவனை என்ன செய்வது?

நம் வாசகருக்கு இது விநோதமான கேள்வியாகப் படலாம். இங்கே துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள்கூடப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க நேருகிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலோ வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்திப் போவது இன்றும் குற்றமல்ல. எதிரே வருகிறவனிடம் ஆயுதம் இருக்கிறதா என்று அங்கே போலீஸ்காரர் ஆராய வேண்டியதில்லை. அது கண்ணுக்கே தெரிகிறது. அவன் எப்படிப்பட்டவன் என்பதுதான் தெரிய வேண்டும். அது கண்ணுக்குத் தெரிகிற சமாசாரம் அல்ல.

இந்தச் சங்கடத்தைக் கௌபாய் படங்கள் எப்படிச் சமாளித்தன என்று பார்த்தால், பெரும்பாலும் ஏமாற்றித்தான் சமாளித்தன என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வகைப் படங்களுக்கெல்லாம் மூலக் கதை போல் ஆகிவிட்ட சம்பவம் ஒன்று உண்டு. அரிஸோனா பிரதேசத்தில் டூம்ப்ஸ்டோன் என்ற வெள்ளிச் சுரங்க ஊரில், 1881-ம் வருஷம் அக்டோபர் 26-ந் தேதி நடந்த ஓ.கே. கோரல் சண்டை. கோரல் என்றால் குதிரைக் கொட்டில். சண்டை நடந்தது கொட்டிலிலேகூட இல்லை, அதற்குப் பக்கத்தில் ஒரு குறுகலான காலி மனையில். சுமார் முப்பது விநாடி. சுமார் முப்பது குண்டு. மூன்று பேர் செத்தார்கள். இதை அறியாத சினிமா ரசிகர் கிடையாது. சண்டை எதற்காக மூண்டது என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது.

அந்த வருஷம் ஏப்ரல் மாசத்தில் டூம்ப்ஸ்டோன் நகரசபை ஒரு சட்டம் போட்டிருந்தது. ஊருக்குள் ஆயுதத்தோடு நடமாடக் கூடாது. வந்து சேர்ந்ததும் லாயத்திலோ சாராயக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். ஊரின் மார்ஷல், அதாவது போலீஸ் தலைவர், விர்ஜில் எர்ப். அன்று அவர் ஐக் கிளான்டன் என்பவனை ஆயுதத்தோடு பிடித்துத் தலையில் அடித்துக் கோர்ட்டுக்கு இழுத்துப் போனார். அபராதம் 25 டாலர். பிற்பகலில் அவனுடைய கூட்டாளிகளிடமும் ஆயுதம் இருப்பதாகத் தகவல் வந்தது. ‘ஆயுதத்தைக் கொடுத்துவிடுங்கள்’ என்று சொல்லத்தான் விர்ஜில் போனார். கையில் வைத்திருந்தது ஒரு கைத்தடி. ஆனால் துணைக்குத் தம்பிகள் வயட், மார்கன் இருவரையும், டாக் ஹாலிடே என்ற சூதாடியையும் அழைத்துப் போனார்.

பிறகு நடந்த விசாரணையில் சாட்சிகள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். செத்தவர்கள் கையைத் தூக்கினார்களா, துப்பாக்கியைத் தூக்கினார்களா? டாம் மக்லௌரி என்பவனிடம் ஆயுதம் இருந்ததா, இல்லையா? எதிலும் ஒற்றுமை இல்லை. நீதிபதி வெல்ஸ் ஸ்பைஸர், எர்ப் சகோதரர்கள் மேல் குற்றமில்லை என்றார். அதோடு, முன்விரோதம் உள்ளவர்களைத் துணைக்கு அழைத்துப் போனது மார்ஷல் செய்த புத்தியில்லாத காரியம் என்றும் கண்டித்தார். ஆயுதத்தைக் கேட்டு வாங்கப் போன இடத்தில், யார் போகிறார், எப்படிப் போகிறார் என்பதிலேயே பாதி முடிவு இருக்கிறது என்பதை அந்த நீதிபதி புரிந்துகொண்டிருந்தார்.

ஜான் ஃபோர்டு இதே சண்டையை 1946-ல் ‘மை டார்லிங் கிளெமென்டைன்’ என்று படம் எடுத்தார். அழகான படம்; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் சண்டைக்குக் காரணம், கொலையுண்ட தம்பிக்காகப் பழி வாங்குவது. கிளான்டன்கள் கொலைகாரர்கள் என்று படம் பார்க்கிற நமக்கு முன்னதாகவே தெரிந்துவிடுகிறது. விர்ஜிலுக்கு அந்தக் காலி மனையில் தெரியாமல் இருந்ததெல்லாம் நமக்குத் தெரியும். ஆகவே ஹென்றி ஃபாண்டா துப்பாக்கியை எடுக்கும்போது நமக்கு ஒரு கூச்சமும் ஏற்படுவதில்லை.

நானும் கதை எழுதுகிறவன். இந்த உபாயம் எனக்குப் பழக்கமானது. பாத்திரத்தின் மனசைத் திறந்து வாசகரிடம் காட்டிவிட்டால், பிறகு அந்தப் பாத்திரத்துக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாசகர் ஒப்புக்கொள்கிறார். கதையில் இது குற்றமில்லை. ஆனால் இப்படி நூறு கதை பார்த்த ஜனங்கள், கெட்டவனைப் பார்த்தவுடனே போலீஸ்காரருக்குத் தெரிந்துவிடும் என்று நம்பத் தொடங்கினால், அது ஆபத்து.

இந்த வழக்கத்தை மாற்றப் பார்த்த படம் ஒன்று உண்டு. கிளின்ட் ஈஸ்ட்வுட் 1992-ல் எடுத்த ‘அன்ஃபர்கிவன்’. பிக் விஸ்கி என்ற ஊர். எல்லையில் துப்பாக்கிக்குத் தடை என்று பலகை. ஷெரிஃப் லிட்டில் பில் (ஜீன் ஹாக்மன்) அந்தச் சட்டத்தை நடத்துகிற விதம்தான் படத்தின் முதுகெலும்பு. இங்கிலீஷ் பாப் என்ற பேர்பெற்ற துப்பாக்கிக்காரன், தன் பிரதாபத்தை எழுதுவதற்கு ஓர் எழுத்தாளனையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்குகிறான். ஷெரிஃப் அவனுடைய ஆயுதங்களை வாங்கிக்கொண்ட பிறகு, நடுத் தெருவில் போட்டு உதைக்கிறான். வாங்கிய பிறகு உதைக்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த உதை பாபுக்காக அல்ல. பார்த்துக்கொண்டு நிற்கிற ஊருக்காக.

பின்னால் ஈஸ்ட்வுட்டின் பாத்திரமான மன்னி, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு சாராயக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். ஆயுதம் இருக்கிறதா என்று ஷெரிஃப் கேட்கிறான். இல்லை என்று பொய் சொல்கிறான். மாட்டிக்கொண்டு உதைபட்டுத் தவழ்ந்து வெளியேறுகிறான். நம் இரக்கமெல்லாம் மன்னியிடம். ஆனால் ஷெரிஃபின் சந்தேகம் முழுக்கச் சரி. மன்னி கூலிக்குக் கொலை செய்யத்தான் வந்திருக்கிறான். சட்டம் நியாயமானது, ஊகம் சரியானது, நடத்தை அக்கிரமமானது என்று மூன்றையும் ஒரே ஆளிடம் வைத்துக் காட்டியது எளிதில் கைகூடுகிற காரியம் அல்ல.

அப்படியும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. மன்னியின் சிநேகிதன் நெட், மார்கன் ஃப்ரீமன் நடித்த பாத்திரம், கறுப்பன். எவனைக் கொன்றதற்காகப் பிடிபட்டானோ அவனை நெட் சுடவில்லை. சவுக்கடியில் சாகிறவன் அவன்தான். படம் அவன் நிறத்தை ஒரு பொருட்டாகவே எடுத்துப் பேசுவதில்லை. கண்ணியம் என்று சிலர் சொல்லலாம். எனக்கென்னவோ, இந்த விஷயத்தின் மிக முக்கியமான முடிச்சை அவிழ்க்காமல் விட்டுவிட்டதாகவே தோன்றுகிறது. எதிரே நிற்கிறவன் மனசு தெரியாதபோது, அந்த வெற்றிடத்தைப் போலீஸ்காரர் எதைக் கொண்டு நிரப்புகிறார்? கண்ணுக்குத் தெரிகிறதைக் கொண்டுதான்.

2014-ம் வருஷம் ஆகஸ்டில் ஒஹையோ மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊரில், 22 வயதுக் கறுப்பு இளைஞர் ஒருவர் பெரிய கடை ஒன்றில் விற்பனைக்கு வைத்திருந்த காற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, போனில் பேசியபடி உலாத்தினார். யாரோ போலீஸைக் கூப்பிட்டார்கள். போலீஸ் வந்து பார்த்த சில விநாடிகளில் சுட்டுக் கொன்றார்கள். நிஜத் துப்பாக்கியே ஆனாலும் வெளிப்படையாக வைத்திருப்பது அந்த மாநிலத்தில் சட்டத்துக்கு விரோதமல்ல. சுட்டவர் மேல் வழக்குத் தொடர ஜூரிகள் மறுத்துவிட்டார்கள்.

2020-ம் வருஷம் ஆகஸ்டில் விஸ்கான்ஸின் மாநிலத்துக் கினோஷாவில், கலவர இரவில், 17 வயது வெள்ளைக்காரப் பையன் ஒருவன் மூன்று பேரைச் சுட்டான், இருவர் இறந்தார்கள். துப்பாக்கி மார்பில் தொங்க, கையைத் தூக்கிக்கொண்டு போலீஸ் வண்டிகளை நோக்கி நடந்தான். வண்டிகள் அவனைத் தாண்டிப் போய்விட்டன. சுட்டவன் இவன்தான் என்று போலீஸுக்குத் தெரியவில்லை. தற்காப்பு என்று ஜூரிகள் பின்னால் அவனை விடுதலை செய்தது வேறு விஷயம். அந்த நிமிஷத்தில் அது யாருக்கும் தெரியாது. தெரியாமை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஒருவருக்கு அது யமனாயிற்று, இன்னொருவனுக்கு வழிவிட்டது.

போலீஸ்காரரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2016 ஜூலையில் டல்லாஸ் நகர ஊர்வலத்தில் ஒருவன் ஐந்து போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்றான். ஊர்வலத்தில் இருபது முப்பது பேர் சட்டப்படியே ரைபிளோடு நடந்திருந்தார்கள். யார் எதிரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று போலீஸ் தலைவர் டேவிட் பிரௌன் கேட்டார். ரைபிள் வைத்திருந்த நிரபராதி ஒருவருடைய படத்தைச் சந்தேக நபர் என்று போலீஸே ஊரெல்லாம் பரப்பியும்விட்டது. அவர் தம் ரைபிளைத் தாமே ஒரு போலீஸ்காரரிடம் ஒப்படைத்தார்.

கோர்ட்டுகளும் இதை அறியாமல் இல்லை. துப்பாக்கி ஏந்திப் போவதைச் சட்டம் அனுமதிக்கிற மாநிலத்தில், அதை மட்டும் காரணமாகக் காட்டி ஒருவரை நிறுத்தி வைக்கக் கூடாது என்று நான்காவது வட்டார அப்பீல் கோர்ட்டு 2013-ல் சொல்லியது. தீர்ப்பு நியாயமானது. ஆனால் அது போலீஸ்காரரிடம் பொறுமையை எதிர்பார்க்கிறது. பேசிப் பார், தள்ளி நின்று பார், காத்திரு என்கிறது. சினிமா அவருக்கும் நமக்கும் கற்றுக்கொடுத்திருப்பதோ, முந்திக்கொண்டவன் பிழைப்பான் என்பதை. இரண்டு விநாடி தாமதித்து, அதனால் ஒன்றுமே நடக்காமல் போன ஷெரிஃபைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை.

அதை எழுதுவது கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். சண்டை வராத கதையில் வாசகரை எப்படிப் பிடித்து வைப்பது? ஆனாலும் அந்தக் காலி மனையில் கைத்தடியோடு நின்ற விர்ஜிலுக்கு என்ன தெரிந்திருந்ததோ, அதற்குமேல் ஒரு வரி அதிகமாக வாசகருக்குச் சொல்லாமல் ஒருவர் அந்தக் கதையை எழுதினால், நான் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன்.