தோழமை யாருடைய கடமை?

பிற்படுத்தப்பட்டோருக்கு அரசு வேலைகளில் இட ஒதுக்கீடு கோரிய மண்டல் குழுப் பரிந்துரையை எதிர்த்து 1990இல் தெருவுக்கு வந்த உயர்சாதி மாணவிகள் சிலர், வேலையில்லாத கணவன் வேண்டாம் என்று எழுதிய அட்டைகளை ஏந்தினார்கள். இட ஒதுக்கீட்டால் தங்கள் சாதி ஆண்களுக்கு வேலை கிடைக்காமல் போகும் என்பது அவர்களுடைய அச்சம். அந்த வேலையில் சேரப்போகும் பிற்படுத்தப்பட்ட இளைஞனைத் தாங்கள் மணக்கலாம் என்ற நினைப்பே அங்கு எழவில்லை. சாதிக்குள்ளேயே மணமுடிக்கும் அகமண வழக்கம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதற்கு வரலாற்றாசிரியர் உமா சக்ரவர்த்தி இந்த அட்டைகளையே சான்றாகக் காட்டினார்.

பெண்ணியம் எல்லாப் பெண்களையும் ஓரணியில் சேர்க்கும் என்ற நம்பிக்கை அமெரிக்காவில் முன்னரே ஆட்டம் கண்டிருந்தது. பெண்ணியக் கோட்பாடு பேச நீங்கள் மாநாட்டுக்கு வரும்போது உங்கள் வீட்டைத் துடைப்பதும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் யார் என்று 1979இல் நியூயார்க்கில் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் கேட்டார். எல்லோரும் ஒரேபோல் ஒடுக்கப்படுகிறோம் என்ற பேச்சு வசதியுள்ள பெண்களின் சலுகைகளை மறைக்கிறது என்றார் கறுப்பினப் பெண்ணியவாதி பெல் ஹூக்ஸ். ஆனாலும் அவர் தோழமையைக் கைவிடவில்லை. பொது இலக்குக்காகப் பாடுபட்டு அதை உருவாக்க வேண்டும் என்றார்.

இந்தியாவில் இந்த விவாதம் சாதியை மையமாகக் கொண்டு நடந்தது. மண்டல் எதிர்ப்பிலும், ஆந்திரத்தில் தலித்துகள் கொல்லப்பட்ட 1991 சுண்டூர்ப் படுகொலையை ஒட்டிய நிகழ்வுகளிலும் உயர்சாதிப் பெண்கள் நின்ற பக்கத்தை ஆய்வாளர்கள் சூசி தாருவும் தேஜஸ்வினி நிரஞ்சனாவும் 1994இல் ஆராய்ந்தார்கள். தலித் பெண்கள் தனியே திரள்வதற்கு இரு காரணங்கள் உண்டு என்று 1995இல் அரசியல் அறிஞர் கோபால் குரு எழுதினார்: எல்லாப் பெண்களுக்குமாகத் தலித் அல்லாத பெண்களே பேசுவது ஒன்று, தலித் அமைப்புகளுக்குள் ஆண்களின் ஆதிக்கம் மற்றொன்று. 1998இல் சமூகவியலாளர் சர்மிளா ரெகே விவாதத்தை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டுபோனார். தலித் பெண்களின் அனுபவம் வேறு என்று ஒப்புக்கொண்டு ஒதுங்கிக்கொள்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதே. அவர்களுடைய வரலாற்றையும் போராட்டத்தையும் கற்று, மற்றவர்கள் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம்.

இந்தப் பொறுப்பு ஏன் தேவை என்பதை ஒரு வழக்கு காட்டுகிறது. ராஜஸ்தானில் அரசுத் திட்டமொன்றின் களப்பணியாளர் பன்வாரி தேவி. குயவர் சமூகத்தைச் சேர்ந்தவர். ஆதிக்கச் சாதி வீட்டில் நடக்கவிருந்த குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான விசாகா நெறிமுறைகள் 1997இல் பிறந்தன. 2013இல் சட்டமும் வந்தது. ஆனால் பன்வாரியின் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களை 1995இலேயே விசாரணை நீதிமன்றம் வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டது. அவர் பட்ட பாட்டின் பலன் நகரத்து அலுவலகங்களை எட்டியது. அவருக்குக் கிடைக்கவேண்டிய நீதி கிடைக்கவில்லை.

பெண்ணாகப் பிறந்ததால் மட்டும் தோழமை வந்துவிடாது. மேலே இருப்பவள் தன் சலுகையில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கும்போதே அது தொடங்குகிறது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் 2023 அரசியலமைப்புத் திருத்தத்தில் பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள் ஒதுக்கீடு இல்லை. அதை அவர்கள் மட்டுமே கேட்டுக்கொண்டிருக்க விடக்கூடாது. உயர்சாதிப் பெண்ணியவாதிகள் முன்வந்து கேட்க வேண்டும்.