விடவேண்டிய சுரம் எது?

அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி 2019-ல் நடத்திய ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ போட்டியில் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் பத்து லட்சம் டாலர் வென்றார். ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘ஃப்ளைட் ஆஃப் த பம்பிள்பீ’யை நிமிடத்துக்கு 208 தட்டு வேகத்தில் வாசித்து, பிறகு 325-க்கு ஏற்றிய விரல்களை ஊரே கொண்டாடியது. வேகத்தை மெட்ரோனோம் அளந்துவிடும். நீட்டித்த மேஜர் கார்டை ஒருவர் எப்படி அடுக்குகிறார் என்பதை அளக்கக் காதுதான் வேண்டும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இந்தத் திறமைக்குப் பெரிய களம் ஞாயிறு ஆராதனை. அங்கே கீபோர்டு வாசிக்கும் இளைஞர்களுக்கு மேஜர் செவனும் மேஜர் நைனும் கைவந்தவை. பலர் தடுமாறுவது மேஜர் தேர்ட்டீனில்.

காரணம் எளிது. சி-யில் தொடங்கி ஒன்று விட்டு ஒன்றாக ஏறினால் சி, இ, ஜி, பி: மேஜர் செவன். டி சேர்ந்தால் மேஜர் நைன். அதற்கும் மேலே எஃப், ஏ. இப்போது சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. சிக்கல் அந்த எஃப்பில். அந்தர காந்தாரமும் சுத்த மத்திமமும் அடுத்தடுத்து வந்தால் ராகத்துக்கு அழகு. கார்டில் இரண்டும் சேர்ந்து ஒலித்தால், எஃப்பை மேல் ஸ்தாயிக்குத் தள்ளினாலும் உரசல் தீராது.

தேர்ந்த கை இங்கே இரண்டில் ஒன்றைச் செய்யும். எஃப்பை விட்டுவிடும்; அல்லது எஃப் ஷார்ப்பாக்கும். அதாவது பிரதி மத்திமம். 29-வது மேளமான சங்கராபரணத்திலிருந்து 65-வதான கல்யாணிக்குப் போகும் அதே ஒற்றைச் சுர மாற்றம். பாட்டு கற்ற நம் பிள்ளைகளுக்கு இது பழகிய பாதைதான். ஆனால் பாடுகிறவர் அந்த இடத்தில் சுத்த மத்திமம் பிடித்தால் எஃப் ஷார்ப் மோதும். அப்போது இரண்டையும் விடுவதே சரி.

அடுத்த பிழை இடது கையில். கீழ் ஸ்தாயியில் மூன்று சுரங்களை நெருக்கி அழுத்தினால் ஒலி குழம்பிவிடும். அங்கே பாஸ் கிட்டார் ஏற்கெனவே சி-யை வாசித்துக்கொண்டிருக்கும். மைல்ஸ் டேவிஸின் 1959-ம் ஆண்டு ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் பியானோ வாசித்த பில் எவன்ஸ், அடிச்சுரத்தைப் பாஸுக்கு விட்டுவிட்டு இடது கையில் இ, ஜி, பி, டி என்று பிடிக்கும் முறைக்குப் பேர்போனவர். தனியாகக் கேட்டால் அது இ மைனர் செவன். கீழே சி ஒலித்தால் சி மேஜர் நைன். துணைக்கு பாஸ் இல்லையா? இடது கைக்கு சி, பி. வலது கைக்கு இ, ஏ, டி. ஐந்தே சுரத்தில் மேஜர் தேர்ட்டீன் கிடைத்துவிடும். ஜி இல்லாவிட்டாலும் கார்டின் குணம் மாறாது.

ஒரு பழக்கத்தை மட்டும் கண்டிப்பாக விடவேண்டும்: டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி எல்லாப் பாட்டையும் சி-யிலேயே வாசிப்பது. நிஜப் பியானோவில் அந்தப் பொத்தான் கிடையாது. அதே ஐந்து சுர அடுக்கை வாரத்துக்கு ஒரு ஸ்கேல் என்று பழகினால், மூன்றே மாதத்தில் பன்னிரண்டும் கைக்கு வரும். 325 வேகம் எட்டாதவரானாலும், அப்படிப் பழகியவரையே என் அணிக்கு முதலில் தேர்ந்தெடுப்பேன்.