பாம்பன் பாலத்தைப் படகிலிருந்து பார்த்தால்

பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததையொட்டி வந்த கட்டுரைகள், வீடியோக்கள் நிறையப் பார்த்தேன். எல்லாமே ரயில் ஜன்னலில் உட்கார்ந்து எழுதினவை. 550 கோடிக்கு மேல் செலவு, 72.5 மீட்டர் தூக்கு, 17 மீட்டர் மேலே போகும். சரி, யாருக்காக மேலே போகிறது? ரயிலுக்கு அது அசையவே வேண்டாமே. கீழே போகும் படகைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை.

ஜவ்வாது மலையில் இருக்கிறவனுக்குக் கடல் பாலம் எதுக்கு என்பீர்கள். ஒரே பாதையை ரெண்டு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிற சிக்கல் என் சாஃப்ட்வேர் வேலையில் தினமும் வருவது, அதான்.

நாட்டுப்படகுகள் தூக்கு திறக்காமலே தூண்களுக்கு நடுவே போய்விடும். பெரிய விசைப்படகுகளுக்குத்தான் பிரச்சினை. மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் நீரிணைக்கு இந்தக் கால்வாயை விட்டால் இலங்கையைச் சுற்றித்தான் போகணும். 19-ஆம் நூற்றாண்டிலேயே பாறையை உடைத்து ஆழப்படுத்திய வழி இது. ரயில் வந்தது 1914-இல்தான். கால்வாய்க்கு அதுதான் புது வரவு.

பழைய ஷெர்சர் தூக்கை ஆட்கள் கையால் சுற்றித் திறந்தார்கள். இப்போது மோட்டார், சில நிமிஷத்தில் முடிகிறது. இதைத்தான் பெரிய சாதனை என்கிறார்கள். ஆனால் தூக்கும் நேரம் வேறு, காத்திருக்கும் நேரம் வேறு. துறைமுக அனுமதி வரணும், ரயில் இல்லாத இடைவெளி கிடைக்கணும், நீரோட்டமும் காற்றும் ஒத்துவரணும். அதுவரை படகுகள் நங்கூரம் போட்டு நிற்கும். மோட்டார் இதில் எதைக் குறைத்தது? வரிசையை அப்படியே விட்டுவிட்டு ப்ராசஸரை மட்டும் மாற்றின கதை.

இன்னொன்று: புதுப் பாலத்தின் அடித்தூண்கள் ரெட்டைப் பாதைக்கே கட்டப்பட்டவை. நாளைக்கு ரயில் கூடினால் இடைவெளி சுருங்கும். இதைப் பாராட்டாக மட்டுமே எழுதியிருக்கிறார்கள்.

சூயஸ் கால்வாயின் எல் ஃபர்தான் ரயில் பாலம் பக்கவாட்டில் சுழன்று வழிவிடும் வகை. 2001-இல் திறந்தது, அதன் நடு இடைவெளி 340 மீட்டர். 2015-இல் பக்கத்திலேயே இன்னொரு கால்வாய் வெட்டினார்கள். அதன்மேல் பாலம் இல்லாததால் ரயில் பாதை துண்டானது. அங்கே ரயில் தோற்றது. இங்கே படகு தோற்கிறது, சத்தமில்லாமல்.

ரயிலுக்குக் கால அட்டவணை இருக்கிறது. அடுத்த வாரம் தூக்கு எந்த நாள், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று படகுக்காரர் முன்கூட்டியே பார்க்கிற மாதிரி ஒரு அட்டவணை போட 550 கோடி தேவையில்லை.